அயல்மொழி வகுப்பறை – 9: எழுதாமலே தேறலாம்

கொரிய மொழியில் முதல் மாதம் யாரையும் மயக்கும். மன்னர் செஜோங் 1446-இல் அறிவித்த ஹங்குல் எழுத்துமுறையில் இன்று புழங்கும் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. கொஞ்சம் முனைந்தால் சில நாள்களில் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். தமிழருக்கு இன்னும் கொஞ்சம் சலுகை உண்டு. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். அது 1905-இல் வெளிவந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, ஆனாலும் நம்மூரில் அந்தப் பேச்சு ஓயவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது தொடக்க வகுப்புகளில் கைகொடுக்கிறது. இந்த வாரம் பேச வேண்டியது அந்தப் பிடி நழுவும் இடத்தைப் பற்றி: கொரியப் பல்கலைக்கழகங்களின் மொழி நிலையங்களில் 3, 4-ஆம் நிலைகள், அதாவது இடைநிலை வகுப்பு. அங்கே மாணவர் திணறுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பாதி உண்மைதான் என்பதும், அந்த வகுப்பு எழுதுவதைச் சுற்றி அமைய வேண்டும் என்பதும் என் கட்சி.

சியோலின் யோன்செய் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கான கொரிய மொழி நிலையத்தை 1959-இலேயே தொடங்கிவிட்டது. அங்கும் சோகாங் முதலிய மற்றப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேரப் படிப்பின் பொதுவான அச்சு இதுதான்: ஒரு பருவம் 10 வாரம், வாரத்தில் 5 நாள், நாளுக்கு 4 மணி நேரம், ஆகப் பருவத்துக்கு 200 மணி. இப்படி ஆறு நிலைகள். இரண்டாம் நிலையை முடித்தவர் 400 மணி நேரமும், நான்காம் நிலையை முடித்தவர் 800 மணி நேரமும் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், தன் அதிகாரிகள் தொழில்முறைத் தேர்ச்சி பெறக் கொரியத்துக்கு 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அந்தக் கணக்கில் இடைநிலை என்பது பாதி வழிகூட இல்லை. ஆகவே அங்கே சுணக்கம் வருவது இயல்பு, சொற்கள் பெருகுகின்றன, சீன வேர்ச்சொற்கள் குவிகின்றன, இலக்கண உருபுகளின் பட்டியல் நீள்கிறது என்று ஆசிரியரும் மாணவரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். சொற்கள் பெருகுவது எந்த மொழியிலும் எந்த நிலையிலும் நடப்பதுதான். கொரிய இடைநிலையில் வேறொன்று சேர்கிறது. மாணவர் அதுவரை தொடாத ஒரு நடையைக் கைக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

தொடக்க வகுப்பில் கற்பது முழுக்க எதிரே நிற்பவரை நோக்கிய பேச்சு. போகிறேன் என்பதற்கு மேடையிலும் அலுவலகத்திலும் 'காம்னிதா', அன்றாட மரியாதைப் பேச்சில் 'காயோ'. இரண்டிலும் கேட்பவர் ஒருவர் வினைமுற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். செய்தித்தாள், கட்டுரை, நாட்குறிப்பு ஆகியவற்றில் அப்படி யாரும் எதிரே இல்லை. அங்கே வினைமுற்று 'கந்தா' என்று மரியாதை கழற்றிய வெற்று வடிவம் கொள்கிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழுமாக வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் கொரியத்தில் இந்த எழுத்து வடிவம் எழுத்தோடு நின்றுவிடுவதில்லை. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வாக்கியம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. தமிழில் எந்த வாக்கியமானாலும் கடைசியில் 'என்று' போட்டால் வேலை முடிந்தது. கொரியத்தில் 'வாயோ' (வருகிறார்) என்று ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல, முதலில் அதன் மரியாதையை உரித்து 'ஒந்தா' ஆக்கி, பிறகு இணைப்பு உருபு சேர்த்து 'ஒந்தாகோ ஹேயோ' என்று முடிக்க வேண்டும். சொன்னது கூற்றா, கேள்வியா, 'போகலாமே' என்ற அழைப்பா, கட்டளையா என்பதைப் பொறுத்து உருபும் நான்கு விதமாக மாறும். பேச்சில் இது இன்னும் சுருங்கி 'ஒந்தேயோ' ஆகிவிடும். நம்முடைய 'வருகிறாராம்' என்பதற்கு நேர் இணை அதுதான். வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் கொரியர் நாள் முழுக்கப் புழங்கும் வடிவம். வெற்று வடிவம் கைவராத மாணவருக்கு 'ஆம்' போட்டுப் பேசவும் வராது, அடுத்தவர் பேசுவதில் எது அவர் கருத்து, எது காதில் விழுந்தது என்று பிரிக்கவும் வராது.

காரணம் காட்டும் உருபுகளிலும் இதே கதைதான். ஒன்றுக்குப் பின்னால் கட்டளை வரக் கூடாது. இன்னொன்றுக்குப் பின்னால் தாராளமாக வரலாம். ஒன்றில் இரு வினைகளுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும், அதோடு விளைவு பெரும்பாலும் சாதகமாக இராது: தொடர் பார்த்துக்கொண்டிருந்ததில் தூங்கவில்லை என்பது போல. எதிர்பாராத இடையூறால் காரியம் கெட்டது என்பதற்கு வேறொன்று. பாடநூல் இவற்றை ஒவ்வொன்றாகத் தருகிறது. மாணவரும் அன்றைய உருபை வைத்து நாலு வாக்கியம் சரியாகவே அமைக்கிறார். எதைப் போடுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அவருக்கு வரவே இல்லை, அதை அன்றைய பாடம் எடுத்துவிட்டது. கொள்குறித் தேர்விலும் நான்கு விடைகள் கண்ணெதிரே நிற்கும். தானாக ஒரு பத்தி எழுத உட்காரும்போதுதான் பட்டியல் இல்லாத இடத்தில் உருபைத் தேட வேண்டிவருகிறது.

இங்கேதான் சான்றிதழின் கணக்கு இடறுகிறது. அயல்நாட்டவருக்கான கொரியத் திறன் தேர்வான டோபிக் 1997-இல் தொடங்கியது. 2014 முதல் இரண்டு தாள்களாக நடக்கிறது. முதல் தாள் 1, 2-ஆம் நிலைகளுக்கு. அதில் கேட்டலும் படித்தலும் மட்டும், எழுதுவது கிடையாது. இரண்டாம் தாள் 3 முதல் 6 வரை எல்லா நிலைகளுக்கும் பொது. கேட்டல், எழுதுதல், படித்தல் மூன்றுக்கும் தலா 100 மதிப்பெண். எழுத்துப் பகுதியில் நான்கே வினாக்கள்: இரண்டில் விடுபட்ட இடத்தை நிரப்ப வேண்டும், ஒன்றில் 200–300 எழுத்துகளில் தகவலை விவரிக்க வேண்டும், கடைசியில் 600–700 எழுத்துகளில் கட்டுரை. வெற்று வடிவம் இங்கேதான் நேராகச் சோதிக்கப்படுகிறது. ஆனால் 3-ஆம் நிலைக்கு மொத்தம் 120 போதும், நான்காம் நிலைக்கு 150. கேட்டலில் 60, படித்தலில் 60 வாங்கியவர் எழுத்துத் தாளை வெறுமையாகக் கொடுத்தாலும் மூன்றாம் நிலை. இரண்டிலும் 75 வாங்கினால் ஒரு வரிகூட எழுதாமல் நான்காம் நிலை. ஐந்தாம் நிலைக்கு 190 வேண்டும். அப்போதுதான் எழுதத் தெரியாதவர் அகப்பட்டுக்கொள்கிறார். பேச்சுத் தேர்வு 2022-இல் வந்தது, அதுவும் தனித் தேர்வு. ஆக, இடைநிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர் கொரியத்தில் எதையாவது ஆக்கக்கூடியவர் என்பதற்கு அந்தத் தாளில் எந்த உத்தரவாதமும் இல்லை.

மொழி நிலையங்கள் நடத்தும் பருவத் தேர்வுகளில் எழுத்தும் பேச்சும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அந்த வகையில் நிலையத்தின் தேர்ச்சித் தாள் டோபிக்கைவிட நேர்மையானது. ஆனால் வெளியே செலாவணியாவது டோபிக்தான். கொரிய அரசின் உதவித்தொகையில் போகும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓராண்டு மொழி படிக்க வேண்டும். டோபிக் 3-ஆம் நிலை கைக்கு வந்தால்தான் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியும். ஓராண்டு முடிவதற்குள் அந்த எண்ணைத் தொட வேண்டியவரிடம் கட்டுரை எழுதிப் பழகு என்று சொல்வது கொடுமை என்று வாதிடுவோர் உண்டு. அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த எண்ணைத் தொட்ட மறு பருவத்தில் அதே மாணவர் விரிவுரையில் உட்கார்ந்து, அறிக்கையும் தேர்வு விடையும் வெற்று வடிவத்தில் எழுத வேண்டியிருக்கும். மொழி ஆண்டில் தள்ளிப்போட்ட பாரம் பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் வட்டியோடு வந்து விழும், அப்போது திருத்திக் கொடுக்க மொழியாசிரியர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

கொரியாவிலேயே வாழ்கிறவருக்குத் தெருவே பள்ளி, எழுத்தெல்லாம் தானாக வரும் என்பது இன்னொரு மறுப்பு. தெரு நிறையவே கற்பிக்கும். ஆனால் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர் வாடிக்கையாளரிடம் பேசுவது முழுக்க மரியாதை வடிவங்கள். கட்டுரை நடையை எந்த உணவகமும் கற்றுத்தராது. 'ஒந்தேயோ' காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அது எதன் சுருக்கம் என்று தெரியாதவருக்கு அது வாக்கிய முடிவில் வரும் ஒரு ஒலி மட்டுமே. மொழிபெயர்ப்புச் செயலி எழுதிக் கொடுக்குமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: செயலி தந்த பத்தியில் மரியாதை வடிவமும் வெற்று வடிவமும் கலந்து கிடந்தால், அதைக் கண்டுபிடிக்கவே இந்தப் படிப்பு வேண்டும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். இலங்கையிலிருந்து அரசு ஒப்பந்தத்தின் வழியே கொரியத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் எழுதும் மொழித் தேர்வு வேறு. அதில் படித்தலும் கேட்டலும் மட்டுமே, அவர்கள் வேலைக்கு அதுவே பொருத்தம். பாட்டும் தொடரும் புரிந்தால் போதும் என்று படிப்பவருக்கும் கட்டுரைப் பயிற்சி சுமைதான். என் வாதம் பல்கலைக்கழகம் நடத்தும் வகுப்பைப் பற்றியது. பல்கலைக்கழகம் என்ற பெயரில் கட்டணம் வாங்கும் வகுப்பு, அங்கே செல்லுபடியாகும் நடையைக் கற்றுத்தரக் கடமைப்பட்டது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. வாரம் ஒரு முறை 300 எழுத்துகளில் ஒரு பத்தி, அன்று வகுப்புத் தோழர் சொன்னதை எடுத்துச் சொல்வதாகவோ ஒரு செய்தியைச் சுருக்குவதாகவோ இருக்கட்டும். ஆசிரியர் வினைமுற்றுகளையும் காரண உருபுகளையும் மட்டும் திருத்தினால் போதும், எழுத்துப்பிழைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்துக்காகப் பருவத்தில் பத்துப் பதினைந்து புதிய உருபுகள் குறைந்தால் குறையட்டும். 4-ஆம் நிலையை முடித்தவர் பாதி உருபுகளைப் பயன்படுத்துவதே இல்லை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல.

கொரியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடைநிலை வகுப்புக்குப் பணம் கட்டப் போகும் வாசகர்கள் அதற்கு முன் நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பேர் டோபிக்கில் தேறினார்கள் என்று கேட்க வேண்டாம். அதை அவர்களே விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாம் நிலை மாணவர் வாரத்துக்கு எத்தனை முறை முழுப் பத்தி எழுதுகிறார், அதை யார் திருத்துகிறார், திருத்திய பிறகு மறுபடி எழுத வைக்கிறார்களா என்று கேளுங்கள். நேரான பதில் தராத நிலையத்தை விட்டுவிட்டு, தரும் நிலையத்தில் சேருங்கள்.