முயலாருக்கு ஒரு மூலை

குழந்தைகள் பிடிவாதம் பிடித்தார்கள். வீட்டுக்கு முயல் வந்துவிட்டது. முதல் இரண்டு நாள் எல்லோரும் அதையே சுற்றி வந்தார்கள். நான்காம் நாள் பால்கனிப் பக்கமிருந்து ஒரு நெடி கிளம்புகிறது. குழந்தைகள் மெல்ல நழுவிவிடுகிறார்கள். கூண்டைக் கழுவும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இதற்குப் பரிகாரம் முயலின் சுபாவத்திலேயே இருக்கிறது. சிறுநீர் கழிக்க அது தானாகவே ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். எந்த மூலை என்று இரண்டு நாள் கவனியுங்கள். முயல் உள்ளே உட்கார்ந்து திரும்பும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அங்கே வைத்து, ஈரத்தை உறிஞ்சும்படி ஏதாவது பரப்பிவிட்டால் போதும்.

எதைப் பரப்புவது? கடையில் போய் 'லிட்டர்' என்று கேட்டால் (பால் அளக்கிற லிட்டர் அல்ல!) பெரும்பாலும் பூனைக்கான மணலை எடுத்து நீட்டுவார்கள். பல பொட்டலங்களில் இருப்பது நனைந்ததும் கட்டியாகிற களிமண். பூனைக்கு அது சரி. முயலோ, கழிவுத் தட்டில் உட்கார்ந்தபடியே எதையாவது கொறிக்கும் பிராணி. கொறித்தது வயிற்றில் கட்டிப்பட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. காசைக் கொடுத்து இந்த ஆபத்தை வாங்குவானேன்?

காசில்லாத சரக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பழைய பேப்பர்காரருக்குப் போடுவதில் ஒரு கட்டை நிறுத்தி வையுங்கள். நாலைந்து தாள்களை மடித்து அடியில் போட்டு, இன்னும் சிலவற்றை நார் நாராகக் கிழித்து மேலே பரப்புங்கள். வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம். அது ஈரத்தை இழுக்காது. காகிதத்தின் மேல் வைக்கோலை ஒரு விரற்கடை கனத்துக்குப் போடுங்கள். முயலின் பாதத்தில் பூனைக்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது, ரோமம்தான். ஈரத்திலேயே உட்கார்ந்தால் பாதம் புண்ணாகிவிடும். தின்னும் புல்லையும் தட்டின் ஓரத்திலேயே வைத்துவிடுங்கள். தீனிக்கு வருகிறவர் வந்த இடத்திலேயே மற்றக் காரியத்தையும் முடித்துக்கொள்வார்.

வைக்கோலை மாடு வைத்திருப்பவர்களிடம் வாங்குவது நல்லது. பூசணம் பிடித்ததும் தூசி பறப்பதும் ஆகாது. பழக்கடையில் இனாமாகக் கிடைக்கிறதே என்று பெட்டி வைக்கோலை அள்ளி வராதீர்கள். கார்பைடு கல்லோடு கிடந்ததாக இருக்கலாம். தச்சுப் பட்டறைத் தூளும் வேண்டாம், மூக்கில் ஏறும். பைன், தேவதாரு மரச் சீவல்களின் வாசனை நமக்கு இதமாக இருந்தாலும் முயலின் ஈரலுக்கு ஆகாது. சூட்டில் உலர்த்தி அழுத்திச் செய்த மரத்துண்டுகள் விற்கிறார்கள். நல்ல பொருள்தான், விலையைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அமோனியா. நம் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, முயலின் மூக்கோ தரையை ஒட்டி இருக்கிறது. நமக்கே உறுத்தினால் அதன் நுரையீரல் என்ன பாடுபடும்! தட்டில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு, வினிகர் ஊற்றி ஊறவைத்தால் போய்விடும். பினாயில் கூடாது.

மாற்றும் வேலையை வேறு யாரிடம் விட்டாலும், தட்டை நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நன்றாகத் தின்னும் முயல் ஒரு நாளில் 200க்கு மேல் உருண்டைப் புழுக்கை போடும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, அரை நாளாகத் தீனியையும் தொடவில்லை என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குடல் ஓய்ந்துபோனதன் அடையாளம் அது; உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சிறுநீர் செம்மஞ்சளாக இருந்தால் மட்டும் பதறாதீர்கள். சில தீனிகளால் அந்த நிறம் வருவது உண்டு. முக்கி முக்கிக் கழித்தாலோ, ரத்தத் துளி தனியாகத் தெரிந்தாலோ அது வேறு விஷயம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

காய்ந்த புழுக்கையைக் குப்பையில் போடாதீர்கள். மக்க வைக்காமலே மல்லிகைத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி போடலாம்.