டயரைக் கழுவுவோம், டயரைப் படிப்போம்

பெங்களூரு, கலாசிப்பாளையம். விடியற்காலை நேரம். சுற்றுலா வேன் ஒன்று கிளம்பத் தயாராக நிற்கிறது. கண்ணாடிக்கு மேல் பூமாலை. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். டயர்கள் கருகருவென்று மின்னுகின்றன.

“என்னண்ணே, டயர் புதுசா?” என்று கேட்கிறார் கிளீனர்.

“புதுசு இல்லை தம்பி. பாலிஷ் போட்டிருக்கேன்” என்கிறார் டிரைவர்.

மின்னுகிற டயர் எல்லாம் நல்ல டயரா? இல்லை. பளபளப்பு வேறு. பலம் வேறு.

வேனில் பத்துப் பதினைந்து பேர் போகிறார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அத்தனை பேரின் பாரமும் டயர்களின் மேல்தான் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சாம்ராஜ்நகர் வழியாகக் கோவைக்குப் போகும் வண்டிகள் திம்பம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்த இடத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும்? நினைத்தாலே பயமாக இருக்கிறது அல்லவா?

ஆகவே டயரைச் சுத்தம் செய்வது அழகுக்காக மட்டும் அல்ல. டயரின் நிலையைத் தெரிந்துகொள்வதற்காக.

டயர் ஏன் கெடுகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் ரப்பர் மரங்கள் உள்ளன. மரத்திலிருந்து வடியும் பால் வெள்ளையாக இருக்கும். பிறகு டயர் எப்படிக் கறுப்பானது? ரப்பரோடு மிக நுண்ணிய கரித்தூளைச் சேர்க்கிறார்கள். கரித்தூள் ரப்பருக்குப் பலம் தருகிறது. வெயிலிலிருந்தும் காக்கிறது.

ரப்பரோடு ஒரு வகை மெழுகும் சில மருந்துகளும் சேர்க்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் அமுங்கி அமுங்கி எழுகிறது. அப்போது உள்ளே இருக்கும் மெழுகும் மருந்தும் மெல்ல மேலே வருகின்றன. தோலுக்கு எண்ணெய் போல டயரைக் காக்கின்றன. சில டயர்களில் லேசான பழுப்பு நிறம் தெரியும். அது அழுக்கு அல்ல. மேலே வந்த மருந்துதான். அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது.

வண்டி ஓடாமல் நின்றால் மெழுகு மேலே வருவது குறையும். வெயிலும் காற்றும் ரப்பரைக் காயவைக்கும். பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள் விழும். 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது சுற்றுலா வேன்கள் மாதக்கணக்கில் நின்றன. ஓடாத வண்டியின் டயர் தேயாது. ஆனால் கெட்டுப் போகும். இதை மறக்கக் கூடாது.

எப்படிக் கழுவுவது?

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். டயர் சூடு ஆறட்டும்.

2. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணையும் மணலையும் நீக்குங்கள். மணலோடு தேய்த்தால் ரப்பரில் கீறல் விழும்.

3. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரையுங்கள். காரம் குறைந்த சோப்பாக இருக்கட்டும்.

4. மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்.

5. நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

டயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களை எடுத்து விடுங்கள். பின்னால் இரட்டை டயர் இருந்தால் இரண்டுக்கும் நடுவிலும் பாருங்கள். ஆணி குத்தியிருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம். காற்று இறங்கிவிடும். பஞ்சர் கடையில் காட்டுங்கள்.

கழுவக் குழாய் நீரைத் திறந்து விட வேண்டுமா? வேண்டாம். பெங்களூருக்கு வரும் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். 2024 மார்ச் மாதம் நகரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அப்போது குடிநீரில் வண்டி கழுவக் கூடாது என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்றது. டயர்களைக் கழுவ இரண்டு மூன்று வாளித் தண்ணீர் போதும். குடிப்பதற்கு உதவாத தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது.

பாலிஷ் போடலாமா?

போடலாம். ஆனால் எதைப் போடுகிறோம் என்பது முக்கியம்.

சிலர் டீசலைத் தடவுகிறார்கள். சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். சிலர் என்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைப் பூசுகிறார்கள். டயர் உடனே மின்னும். ஆனால் இந்த எண்ணெய்கள் ரப்பருக்குப் பகை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். காலையில் எடுத்து மற்றதோடு ஒப்பிடுங்கள். ஊறியது உப்பிப் பெரிதாகியிருக்கும். இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும். டயருக்கும் எண்ணெய் இப்படித்தான் கேடு செய்கிறது.

தண்ணீர் கலந்து செய்த டயர் பாலிஷ் கடையில் கிடைக்கும். அதைத் துணியில் எடுத்து மெல்லப் பூசுங்கள். பக்கப்பகுதியில் மட்டும் பூசுங்கள். தரையைத் தொடும் பகுதியில் பூசக் கூடாது. வழுக்கும். பிரேக்கிலும் படக் கூடாது. பூசிய பிறகு மிச்சத்தைத் துடைத்து விடுங்கள்.

முதலில் டயரை நன்றாகப் பாருங்கள். பிறகுதான் பாலிஷ். பாலிஷ் வெடிப்பை மறைக்கும். மாற்றாது.

டயரில் எழுதியிருப்பது என்ன?

கழுவிய டயரைப் படிக்கலாம். ஆம், டயரிலும் எழுத்து உண்டு. எண்ணும் உண்டு.

பக்கத்தில் ஒரு சிறிய வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் டயரின் உள்பக்கம் பாருங்கள். அது டயர் பிறந்த தேதி. 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். டயர் வாங்கும்போதே இதைப் படித்துப் பார்க்க வேண்டும். பழைய டயருக்கு பாலிஷ் போட்டுப் புதியது என்று யாரும் ஏமாற்ற முடியாது.

ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது டயர் கடையில் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னி டயருக்கும் இது பொருந்தும்.

டயரின் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா? அப்படியானால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்கும் கீழே தேய்ந்தால் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். மழையில் வண்டி வழுக்கும்.

பக்கத்தில் புடைப்பு இருக்கிறதா? உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்திருக்கலாம். ஆழமான வெடிப்பு இருக்கிறதா? இரண்டுமே ஆபத்து. அந்த டயரோடு பயணம் போகக் கூடாது.

காற்று எவ்வளவு வேண்டும்? டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் அதிக அளவு. டயர் சூடாகும் முன்பே, கிளம்பும்போதே காற்றைப் பாருங்கள்.

வண்டி பல நாள் நின்றால்?

நிழலில் நிறுத்துங்கள். டயரின் மேல் சாக்கு போட்டு மூடுங்கள். தரையில் எண்ணெய் இருந்தால் வேறு இடம் பாருங்கள். காற்று குறையாமல் வைத்திருங்கள். வாரம் ஒரு முறையாவது வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

இரண்டு மூன்று வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அரை மணி நேரம். செலவு இவ்வளவுதான். எழுத்தும் எண்ணும் தெரிந்தவர் டயரைப் படித்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார். அந்த வண்டியில் ஏறியவர்கள் நல்லபடியாக வீடு திரும்புவார்கள்.