போன் அப்டேட்டை 'அப்புறம்' என்று தள்ளிவிடுகிறீர்களா?

சொத்து வரி, மின் கட்டணம், பிறப்புச் சான்றிதழ் என்று பாதி வேலை இப்போ போனிலேயே முடிந்துவிடுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் 'சிஸ்டம் அப்டேட் தயார்' என்று ஒரு அறிவிப்பு வரும். 'அப்புறம்' என்று தட்டிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். இந்தக் கட்டுரைக்காக என் போனைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி, நாலு மாசம் பழசு! அதை முதலில் முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த அப்டேட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கு?

ஆண்ட்ராய்டு, கூகுள் தயாரிப்பு என்று சொல்கிறோம். முழுக்கச் சரியில்லை. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதற்குள் 'எக்ஸ்டர்னல்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. படத்தைத் திறக்க, ஃபைலைச் சுருக்க, தகவலைச் சேமிக்க என்று உலகெங்கும் வெவ்வேறு குழுக்கள் எழுதிய சிறு நிரல் தொகுப்புகள் அதில் நூற்றுக்கணக்கில் உண்டு. இவற்றைத்தான் லைப்ரரி என்கிறார்கள்.

மயிலாப்பூர் மெஸ், தி.நகர் ஓட்டல், அடையாறு கேட்டரிங் மூன்றும் ஒரே இடத்தில் பெருங்காயம் வாங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருங்காயத்தில் கோளாறு என்றால் மூன்று இடத்துச் சாம்பாரும் கெடும். சமையல்காரர் மேல் தப்பே இருக்காது.

2023 செப்டம்பரில் நடந்ததும் இதுதான். வெப்பி என்ற பட வகையைத் திறக்கும் 'லிப்வெப்பி' லைப்ரரியில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் தகவல் சொன்னார்கள். வேண்டுமென்றே திரித்து உருவாக்கிய ஒரு படத்தைத் திறந்தாலே தாக்குதலுக்கு வழி கிடைத்துவிடும். அந்த ஓட்டையை ஏற்கெனவே சிலர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் உடனே திருத்தம் வெளியிட்டன. ஆண்ட்ராய்டுக்கு அக்டோபர் மாதப் பாதுகாப்புத் திருத்தத்தில் வந்தது. அதையும் 'அப்புறம்' என்று தள்ளியவர்கள் எத்தனை பேரோ!

திருத்தம் ஏன் தாமதமாகிறது?

பழைய லைப்ரரியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் முடிந்தது என்று நினைப்போம். அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு லைப்ரரியும் எங்கிருந்து வந்தது, எந்த வெர்ஷன், எப்போது மாற்றினார்கள் என்பதை 'மெட்டாடேட்டா' என்ற சின்னக் குறிப்பு ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுவருவதற்கே தனிக் கருவி உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டுக்காக அந்த லைப்ரரியில் ஏற்கெனவே செய்த மாற்றங்கள் புதியதோடு முட்டிக்கொள்ளலாம். அதையெல்லாம் சரிசெய்து, சோதித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் போன் கம்பெனி அதைத் தன் மாடலுக்கு ஏற்பச் சேர்த்து, மறுபடி சோதித்து அனுப்பும். இந்தச் சங்கிலியில் ஒருவர் நின்றாலும் திருத்தம் நம் கைக்கு வராது.

நம்ம சென்னையிலும் இந்த வேலை உண்டு. தரமணி டைடல் பார்க்கில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் நிலையான பதிப்பில் பெரும்பாலும் பழைய வெர்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் அடைப்பார்கள். வெர்ஷன் எண் பழசாகத் தெரிந்தாலும் உள்ளே திருத்தம் இருக்கலாம். 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'பார்ஓஎஸ்', சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அமைப்பின் ஆதரவில் உருவானது. அதுவும் ஆண்ட்ராய்டின் ஓப்பன் சோர்ஸ் நிரலின் மேல் எழுந்ததுதான். உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்காக லைப்ரரி ஓட்டைகள் அதை மட்டும் விட்டுவிடாது.

உங்கள் போனில் பார்க்க வேண்டியது

செட்டிங்ஸில் 'அபௌட் போன்', அதற்குள் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' (சில போன்களில் 'செக்யூரிட்டி' பகுதி). அங்கே 'செக்யூரிட்டி அப்டேட்' தேதி இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதியும் உண்டு. முன்னது போன் கம்பெனி வழியாக வரும். பின்னது சிஸ்டத்தின் சில பகுதிகளை மட்டும் கூகுளே நேரடியாக மாற்றுவது. இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

ஆப்களைத் தனியாக அப்டேட் செய்ய வேண்டும். பல ஆப்கள் லைப்ரரியின் பிரதியைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். 2019-ல் வாட்ஸ்அப்பின் ஆண்ட்ராய்டு பதிப்பில், ஜிஃப் படங்களைக் கையாளும் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் ஓட்டை இருந்தது. வாட்ஸ்அப்பை அப்டேட் செய்தவர்களுக்குத்தான் அது அடைபட்டது.

தேதி ஒரு வருஷத்துக்கு மேல் பழசு, புதுசாக எதுவும் வரவும் இல்லை என்றால், அந்த மாடலை கம்பெனி கைவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடம் இருப்பது இந்தப் போன்தான். பென்ஷன் கணக்கும் அதில்தான் இருக்கும். பாட்டு கேட்க, பேச அது போதும். பேங்க் ஆப்பையும் டிஜிலாக்கரையும் வேறு போனுக்கு மாற்றிக்கொடுங்கள்.

ஒன்று கவனம். 'உங்கள் போனை அப்டேட் செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப்பில், எஸ்எம்எஸ்ஸில் லிங்க்கோ ஏபிகே ஃபைலோ வந்தால் தொடவே வேண்டாம். அப்டேட்டை செட்டிங்ஸிலும் ப்ளே ஸ்டோரிலும் மட்டும் தேடுங்கள். தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.