எந்த வரியில் இருக்கிறது?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சிறிய பத்தியைக் கொடுத்து, "முக்கியமானதுக்குக் கீழே கோடு போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் பத்தி முழுக்கக் கோடு போடுவார்கள். சிலர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எதற்கு முக்கியம் என்று நாம் சொல்லவே இல்லையே!

கதை என்றால் அடுத்து என்ன ஆச்சு என்ற ஆவலே பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும். விலங்கு, மழை, தபால் நிலையம் பற்றிய பாடங்களில் அந்த வேலையைக் கேள்விதான் செய்ய வேண்டும். அதுவும் படிப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி.

வரையாட்டை எடுத்துக்கொள்வோம். அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் மேயும். ஆபத்து என்றால் செங்குத்தான பாறைகளில் ஏறிக்கொள்ளும். புலி, சிறுத்தை, செந்நாய் அதை வேட்டையாடும். இவ்வளவுதான் பத்தி. "வரையாடு எங்கே வாழும்?" என்று கேட்டால் புல்வெளி வரி முக்கியம். "அது ஏன் பாறையில ஏறுது?" என்று கேட்டால் அந்த வரி பின்னுக்குப் போய், புலியும் செந்நாயும் முன்னுக்கு வரும். விடை ஒரே வரியில் இல்லை, இரண்டு வரிகளைச் சேர்த்தால்தான் கிடைக்கும் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நேரம் அருமையானது. அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்றும் நடக்கும். "வரையாடு என்ன சாப்பிடும்?" என்றதும், "அகத்திக்கீரை டீச்சர், எங்க வீட்டு ஆடு அதான் திங்கும்" என்று பதில் வரும். தப்பு என்று சொல்லி உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. "உங்க வீட்டு ஆடு திங்கும், சரி. இது என்ன திங்கும்னு எந்த வரியில இருக்கு? விரல் வைச்சுக் காட்டு கண்ணு" என்றால் போதும். அனுபவமும் அச்சில் உள்ள செய்தியும் வேறு வேறு என்பது அதற்குப் புரிந்துவிடும்.

அமெரிக்கக் கல்வியாளர் டோனா ஓகிள் 1986-இல் முன்வைத்த மூன்று கட்ட அட்டவணை இதற்கு நல்ல துணை: எனக்கு என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள வேண்டும், என்ன தெரிந்துகொண்டேன். கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்தால் வேலை முடிந்தது. நடுக் கட்டத்தில் பிள்ளைகளின் கேள்விகளே நிறையட்டும். எழுதத் தெரியாத முதல் வகுப்பாக இருந்தால் டீச்சர் வாசித்துக் காட்டலாம். விடை காதில் விழுந்ததும் பிள்ளைகள் கை தூக்கினால் போதும். படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் தாண்டிப் போய்விட வேண்டாம். பல நேரம் விடை அங்கேதான் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக வேலை செய்வது கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகள்தான். பாடத்து வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கேட்டால், பொருளே தெரியாமல் அச்சு அசலாகப் பார்த்து நிரப்பிவிடலாம். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். பிள்ளை படித்ததா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "இது எந்தத் தேதி வரைக்கும் நல்லா இருக்கும், பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். பஸ் போர்டைப் பார்த்து, நம் ஊர் வழியாகப் போகுமா என்று சொல்லச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வுத்தாளில் ஒரு கேள்வியாவது இப்படி இருக்கட்டும்: "விடை எழுது. அது எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரிக்குக் கீழே கோடு போடு." அந்தக் கோட்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.