நடராஜனை எடுப்பதா, புள்ளியை எடுப்பதா?

வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் கிரிக்கெட் ஆடும் நாளில் அவரை விட்டுவிட்டு ஃபேன்டஸி டீம் போட எந்தச் சேலத்துக்காரருக்கு மனம் வரும்? சின்னப்பம்பட்டியிலிருந்து போய் 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியவர். அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். ஆனால் பிட்ச் சுழலுக்குத்தான் உதவும் என்றால் கணக்கு வேறு பெயரைச் சொல்லும். பாசம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஃபேன்டஸி ஆட்டத்தின் சுவையே இந்த இழுபறிதான். கால்பந்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தானே நடத்தும் ஃபேன்டஸி பிரீமியர் லீக்கை, அதாவது எஃப்பிஎல்லை, எடுத்துக்கொள்வோம். விளையாடக் கட்டணம் கிடையாது. உங்கள் கையில் 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம். அதில் 15 பேரை வாங்க வேண்டும்: 2 கோல்கீப்பர், 5 தடுப்பாட்டக்காரர், 5 நடுக்கள வீரர், 3 முன்கள வீரர். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. வாரந்தோறும் 11 பேரை இறக்கி, ஒருவரை கேப்டன் ஆக்கினால் அவர் எடுக்கும் புள்ளி இரட்டிப்பாகும்.

கோல் அடித்தால் முன்கள வீரருக்கு 4 புள்ளி, நடுக்கள வீரருக்கு 5, தடுப்பாட்டக்காரருக்கு 6. எதிரணி கோலே போடவில்லை என்றால் தடுப்பாட்டக்காரருக்கு 4. மஞ்சள் அட்டைக்கு ஒன்று போகும், சிவப்புக்கு மூன்று. 2025-26 பருவத்திலிருந்து, ஒரு தடுப்பாட்டக்காரர் பந்தைப் பறிப்பது, மறிப்பது, வெளியேற்றுவது எல்லாம் சேர்த்துப் பத்தைத் தொட்டால் 2 புள்ளி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. டிவியில் கோல் அடித்தவரின் முகத்தையே பார்த்துப் பழகியவர்கள், ஆட்டம் முழுக்கப் பின்னால் நின்று உழைப்பவரையும் கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

இனி ரசிகரின் சங்கடம். 2024-25இல் லிவர்பூலின் சலா 29 கோல் அடித்து, 18 கோலுக்குப் பந்து கொடுத்து, 344 புள்ளி குவித்தார். எஃப்பிஎல் வரலாற்றில் அதுவே உச்சம். அந்தப் பருவத்தில் அவரை எடுக்காத மான்செஸ்டர் யுனைடெட் ரசிகருக்குக் கொள்கை மிஞ்சியது, புள்ளி போனது. எடுத்தவரோ தன் கிளப்புக்கு எதிராக சலா கோல் போடும்போது பாதி மனதோடு மகிழ வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், முதல் பருவத்தில் பிடித்த கிளப்பிலிருந்து ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆட்டம் வெறும் கூட்டல் கழித்தலாகிவிடும்.

பணம் கட்டி ஆடுவது வேறு கதை. ஃபேன்டஸி செயலியான டிரீம்11இன் கட்டணப் போட்டிகளைத் திறமை ஆட்டம் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2017இல் ஏற்றது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. டிரீம்11 உடனே கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. ஆன்லைன் ஆட்டத்தில் கடன்பட்டு உடைந்த வீடுகளைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. இந்தத் தடையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

எஃப்பிஎல்லில் நண்பர்கள் சேர்ந்து தனி லீக் தொடங்கலாம், அதுவும் இலவசம். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு இருநூறு வசூலித்துப் பரிசு வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பு அணி பூட்டப்படும். இங்கிலாந்தில் வெள்ளி இரவு 8 மணி ஆட்டம் என்றால், கோடைக்கால நேரக் கணக்கில் நமக்கு இரவு 11 மணிக்குள் கேப்டனை முடிவு செய்துவிட வேண்டும். அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 12 ஆகிவிடும்.