மெமரியில் அச்சிட்ட வேகம் நம் கம்ப்யூட்டரில் நிலைத்து நிற்கிறதா?

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, தராசு இல்லாத கடையைக்கூடப் பார்த்துவிடலாம், கம்ப்யூட்டர் இல்லாத மண்டியைப் பார்ப்பது அரிது. விருதுநகர் பருப்பு, மல்லி, வற்றல் கடைகளாகட்டும், சிவகாசியின் பட்டாசு விற்பனை அலுவலகங்கள், அச்சகங்களாகட்டும், பில்லும் கணக்கும் அதில்தான். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்ததால், நம்மில் பலர் புது கம்ப்யூட்டர் வாங்கினோம் அல்லது பழையதில் மெமரியைக் கூட்டினோம். அதே சமயத்தில் மெமரி விலையும் ஏறிவிட்டது. சில்லு தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான சரக்கிலேயே கவனம் வைத்ததுதான் காரணம். விலை ஏறினால் என்ன நடக்கும் என்று வியாபாரிகளாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய சரக்கு, கலப்புச் சரக்கு, ஒன்றுக்கொன்று சேராத ஜோடி எல்லாம் வெளியே வரும்.

ஆகவே, மெமரி அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் அந்த எண் உண்மையில் நமக்குக் கிடைக்கிறதா, கிடைத்தால் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மெமரி என்பது நமது பழைய சிட்டையைப் போன்றது. ஹார்டு டிஸ்க் பேரேடு. கணக்குப்பிள்ளை முதலில் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார் அல்லவா? கம்ப்யூட்டரும் அப்படியே. சிட்டையில் ஒரு எண் பிசகினால், பேரேட்டில் அது மிக அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஏறிவிடும். பிழை இருப்பதே தெரியாது. இதுதான் இந்த விஷயத்தில் உள்ள ஆபத்து. கம்ப்யூட்டர் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். ஓடிக்கொண்டே தப்பாக எழுதினால் யாரைக் கூப்பிடுவது?

முதலில் எண்ணைப் பார்ப்போம். டி.டி.ஆர்.4 மெமரி ஒன்றில் 3200 என்று போட்டிருக்கும். சோதிக்கும் மென்பொருள் சிலவற்றில் பார்த்தால் 1600 என்று காட்டும். உடனே "பாதி எடை போட்டுவிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கடிகாரத் துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு துடிப்பிலும் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என இருமுறை தகவல் போகிறது. மூட்டை தூக்குகிறவர் போகும்போதும் சுமந்து, திரும்பும்போதும் சுமந்து வந்தால் கணக்கு இரட்டிப்பாகுமே, அது போல. 3200 என்பது அந்த இரட்டிப்புக் கணக்கு.

ஆனால் 2133 அல்லது 2666 என்று காட்டினால் கதை வேறு. மெமரிக்கு உலகப் பொது அளவு வகுக்கும் அமைப்பு ஜெடெக். டி.டி.ஆர்.4 அளவு 2012-லும், டி.டி.ஆர்.5 அளவு 2020-லும் வந்தன. மெமரியைப் புதிதாகச் செருகியவுடன் கம்ப்யூட்டர் இந்தப் பொது அளவில்தான் ஓடும். சில அட்டைகளில் 3200 என்பதே பொது அளவு, 1.2 வோல்ட்டில் தானாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடும். வேறு சிலவற்றில் 3200 என்பது தயாரிப்பாளர் தன் பொறுப்பில் சொல்லும் வேகம், அதற்கு 1.35 வோல்ட் வேண்டும். அந்த வேகம் அட்டையிலேயே எக்ஸ்.எம்.பி. என்ற பெயரில் குறித்து வைக்கப்பட்டிருக்கும், நாமாக இயக்கிவிட வேண்டும். இயக்காமலே வருடக் கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. கூடுதல் விலை கொடுத்து வாங்கியதைப் பெட்டியிலேயே பூட்டி வைத்தது போலத்தான்.

இப்போது ஓடும் வேகத்தைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் போதும்.

மூவரும் சம்மதிக்க வேண்டும்

வேகம் மெமரியின் கையில் மட்டும் இல்லை. மெமரி, மதர்போர்டு, பிராசசர் மூவரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். மூவரில் யார் மெதுவோ அவர் வேகமே எல்லோருக்கும். இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ5 பிராசசரை எச்410 போர்டில் போட்டு, அதில் 3200 மெமரியைச் செருகினால் 2666-க்கு மேல் ஏறாது. மெமரியில் குறையில்லை, போர்டு அனுமதிப்பதே அவ்வளவுதான். இத்தகைய போர்டு வைத்திருப்பவருக்கு "வேகமான மெமரி" என்று கூடுதல் விலைக்குத் தள்ளினால் அது வீண் செலவு.

எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு பள்ளம் இருக்கிறதே என்று நான்கிலும் அட்டை செருகுகிறோம். ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் இரண்டு டி.டி.ஆர்.5 அட்டைகளுக்கு 5200 வரை பொறுப்பேற்கும் நிறுவனம், நான்கு போட்டால் 3600 வரைக்குத்தான் பொறுப்பேற்கிறது. பாரம் கூடக்கூட வண்டி தளரும். எனவே நான்கு எட்டு ஜி.பி.யைவிட இரண்டு பதினாறு ஜி.பி. நல்லது. அந்த இரண்டும் ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதாக இருக்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே எண் என்றாலும் தனித்தனியாக வாங்கினவற்றில் உள்ளே இருக்கும் சில்லு வேறுபடலாம். நான்கு பள்ளம் உள்ள போர்டுகள் பலவற்றில், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும்.

வேகத்தைக் கூட்டுமுன் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்து, அதைப் பிடுங்கித் தனியே வைத்துவிடுங்கள். இது கட்டாயம். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் எக்ஸ்.எம்.பி. என்றோ, ஏ.எம்.டி. டி.டி.ஆர்.5 என்றால் எக்ஸ்போ என்றோ இருப்பதை இயக்கிச் சேமிக்க வேண்டும். டி.டி.ஆர்.5 போட்ட முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். மெமரியும் பிராசசரும் ஒன்றையொன்று சோதித்துப் பழகுகின்றன. பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள்.

இன்டெல், ஏ.எம்.டி. இரு நிறுவனங்களும் தங்கள் அளவைத் தாண்டி ஓட்டுவதை உத்தரவாதத்துக்கு வெளியே வைக்கலாம் என்று சொல்லியிருப்பதையும் மனதில் கொள்ளுங்கள். மெக்கானிக் "இன்னும் கொஞ்சம் வோல்ட் ஏற்றினால் நிற்கும்" என்றால், பில் போடும் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நம் ஆலோசனை.

சித்திரை வெயிலில் சோதியுங்கள்

விண்டோஸ் திறந்துவிட்டது, ஆகவே சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனை இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே இயக்க வேண்டும். நான்கு சுற்று ஓடும், பல மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் நமக்கு ஆகாது. தராசில் நூறு தடவைக்கு ஒரு தடவைதான் தப்புகிறது என்று யாராவது முத்திரை குத்துவார்களா?

இரவில் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். நம்மைக் கேட்டால் கடை மூடும் ஒரு ஞாயிறு மதியம், மின்விசிறி இல்லாமல், பெட்டியின் மூடியை மூடிவிட்டு ஓட்டச் சொல்வோம். காரணம் இருக்கிறது. மெமரியில் ஒவ்வொரு எழுத்தும் மிகச் சிறு மின்னூட்டமாகத் தங்குகிறது. அது ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் டி.டி.ஆர்.4 மெமரியில் 64 மில்லி செகண்டுக்குள் எல்லாக் குடங்களையும் ஒருமுறை மீண்டும் நிரப்பும் ஏற்பாடு உள்ளது. சில்லின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடி, 32 மில்லி செகண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். நமது மாவட்டத்து வெயிலையும், மல்லித் தூளும் வற்றல் நெடியும் அடைத்த பெட்டியையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மார்கழி இரவில் தேறிய மெமரி சித்திரை மதியத்தில் தடுமாறலாம்.

ஒரு துளி தவறினால் எவ்வளவு போகும்? பெல்ஜியம் நாட்டில் 2003 மே 18-ம் தேதி தேர்தல். ஸ்கார்பேக் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்திருந்தது. விழவே முடியாத அளவு என்பதால்தான் கண்டுபிடித்தார்கள். மெமரியில் ஒரே ஒரு துளி தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் வந்த முடிவு. அது வேகத்தால் வந்த கோளாறு அல்ல, ஆனால் வேகம் பொருந்தாத மெமரி செய்வதும் இதே வேலைதான். 10,500 ரூபாய் பாக்கியில் அதே இடத்துத் துளி புரண்டால் 14,596 ஆகிவிடும். மாதம் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்ய உட்காரும்போது இதை எங்கே போய்த் தேடுவது?

அப்படியானால் வேகம் யாருக்குத்தான் வேண்டும்? மளிகைக்கடை பில்லுக்கு வேண்டாம். 2666-ல் வரும் பில்லும் 3200-ல் வரும் பில்லும் கண்ணுக்கு ஒன்றுதான். பொது அளவிலேயே விட்டு, மிஞ்சிய பணத்தில் நல்ல யு.பி.எஸ். வாங்கலாம். சிவகாசி அச்சகங்கள் வேறு கணக்கு. ஆடிப் பதினெட்டில் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, அதன்பின் பெரிய பெரிய படக் கோப்புகளைத் திறந்து மூடி வேலை செய்கிற இடத்தில் முதலில் மெமரியின் அளவும், பிறகு ஓரளவு வேகமும் பயன்படும். அங்கே எக்ஸ்.எம்.பி. போடுங்கள், சோதித்துவிட்டுப் போடுங்கள். படம் வரையும் கம்ப்யூட்டரிலேயே கணக்கையும் வைத்திருப்பவர்கள் முதலில் கணக்கை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள்.

சோதனையில் பிழை வந்தால் அவசரப்பட்டு மெமரியைத் தூக்கி எறிய வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, அட்டைகளைக் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையைத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். பாதிப் பிழைகள் தூசிப் பிழைகள் என்பது மெக்கானிக்குகள் வாய்மொழி. பிறகு ஒவ்வொரு அட்டையாகத் தனியே சோதியுங்கள். தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால் ஜோடி பொருந்தவில்லை, 3200-ஐ 2933-க்கு இறக்கிப் பாருங்கள். பயாஸைப் புதுப்பித்தும் பார்க்கலாம். பொது அளவு வேகத்திலேயே ஓர் அட்டை தவறுகிறது என்றால் அது கெட்ட சரக்கு, உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவே வாங்கும்போது பில்லில் கம்பெனி பெயர் மட்டும் போதாது, அட்டையின் மேலுள்ள முழு வகை எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.