சோலார் பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்!

2011-ல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சோலாரில் எரியும் 5 விளக்குகளும் வந்தன. ஒரு வீட்டுக்கான 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய் சோலாருக்கு மட்டும்.

சோலார் பேனல் 25 ஆண்டுகள்கூட உழைக்கும். முதலில் காலை வாருவது பேட்டரிதான். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால், ஆற்காடு, ஆம்பூர் பக்கம் கூடுதல் கவனம் தேவை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் பல ஊர்களின் கிணற்று நீர் உப்பாகிவிட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விவகாரம் இது. அந்தத் தண்ணீரை பேட்டரியில் ஊற்றினால், உப்பு உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். காய்ச்சினாலும் உப்பு போகாது, தண்ணீர்தான் வற்றும். கேன் தண்ணீரும் சரிப்படாது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் சேர்க்கவே கூடாது.

அடுத்த எமன், மின்விசிறி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் 480 வாட்-மணி மின்சாரம் இருக்கும். அதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம். 9 வாட் விளக்குகள் ஐந்தும் 4 மணி நேரம் எரிந்தால் 180 ஆகிறது. 50 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் அதுவே 400! மின்விசிறி வேண்டுமென்றால் பேனல், பேட்டரி இரண்டையும் பெரிதாக்க வேண்டும்.